பதினேழு மறுக்கிறது

சூரியன் மலைக்குப் பின்னே போய் ஆறு வாரம்.
இசாஃப்யோர்துர் நீச்சல்குளத்தின் வரவேற்பு மேசையில்
மதியம் நாலுக்கே இரவு.
வெந்நீர்த் தொட்டியின் ஆவி
கண்ணாடியில் முட்டி வழிகிறது.
கறுப்புத் திரையில் என் நிரல் கேட்கிறது:
ஒன்று, விருந்தினர் வருகை.
இரண்டு, சாவி திரும்பியது.
மூன்று, வெளியேறு.
யாரும் கேட்காமல் நானே எழுதியது.
நகராட்சி கேட்டது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்.

ஒரே கிளாஸ். பெயர், குளம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.
அதுவே வரவேற்கும், அதுவே காசு எண்ணும்,
சாவி கொடுக்கும், பூட்டைத் திறக்கும்,
துண்டு வாடகைக்குச் சில்லறை தரும்,
தப்பான எண்ணைத் தட்டினால் முறைக்கும்.
நீந்த மட்டும் அதில் இடமில்லை.

லாக்கருக்கும் எண் உண்டு, சாவிக்கும் எண் உண்டு
என்ற ஒரே பொருத்தத்தில்
லாக்கரைச் சாவியின் பிள்ளையாக்கியிருந்தேன்.
ஆகவே என் நிரலில்
லாக்கரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நீந்தலாம்.
கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கம்பைலருக்கு நீச்சல் தெரியாது.

காலி லாக்கரில் யார் பெயரை எழுதுவது?
"யாருமில்லை" என்று போட்டுவைத்தேன்.
நவம்பர் கணக்கில்
திரு. யாருமில்லை நாளொன்றுக்கு நாற்பத்தொரு முறை வந்தார்.
வயது பூஜ்யம், அதனால் இலவசம்.
பனிப்புயலன்றும் தவறாமல் வந்த ஒரே ஆள்.
நகராட்சியிலிருந்து ஹல்பேரா போன் செய்தாள்:
"கூட்டம் அள்ளுதாமே, எய்தீஸ்!"

நேற்று உல்வார்,
ஒன்பது வயது, முடியில் நீர் சொட்டச் சொட்ட,
எழுபத்தொன்றாம் சாவியோடு
பதினேழாம் கதவை முட்டிக்கொண்டிருந்தான்.
திருப்பினான், குலுக்கினான், உதைத்தான்,
தெரிந்த கெட்ட வார்த்தை இரண்டையும் செலவழித்தான்.
கதவு அசையவில்லை.
யாரிடமும் ஓடிப்போய் அனுமதி கேட்கவுமில்லை.
தன் சாவி எதுவென்று தனக்குத் தெரியும்,
அவ்வளவுதான் அதன் படிப்பு.
தோர்லாகுர் துடைப்பத்தை வைத்துவிட்டு
அவனை எழுபத்தொன்றுக்குக் கூட்டிப்போனான்.

நான் நாற்காலியிலேயே உறைந்திருந்தேன்.
என் நிரலில், திறந்திருக்கிறதா என்ற மாறி
தெருவில் போகிறவனும் தொடக்கூடியது.
குளம் வரும், லாக்கரின் வயிற்றுக்குள் கைவிடும்,
பொய்யை மெய்யாக்கிவிட்டுப் போகும்.
நான் செய்திருந்தது லாக்கர் அல்ல,
லாக்கரின் படம்.

ஒன்பதரைக்கு விளக்கணைத்தபின்
அந்த மாறியின் முன்னே பிரைவேட் என்று எழுதிச் சாத்தினேன்.
வெளியே ஒரே வாசல்: திற.
சாவியோடு வா, பொருந்தினால் பார்க்கலாம்.
சேமித்த நொடியில் முப்பத்தெட்டு பிழைகள் சிவந்தன.
அத்தனையும் குளம் கைவிட்டுப் பழகிய இடங்கள்.
ஒவ்வொன்றாகப் போய்
பிடுங்கியதையெல்லாம் கேட்டு வாங்க வைத்தேன்.

சாவிக்கும் லாக்கருக்கும் இனி ரத்த உறவில்லை.
லாக்கருக்கு ஒரு சாவி இருக்கிறது,
லாக்கர் சாவியாக இருப்பதில்லை.
ஒரே "இருக்கிறது"தான். இந்தப் பாழாய்ப்போன சொல்லில்தான்
இரண்டு மாதம் வழுக்கியிருக்கிறேன்.

திரு. யாருமில்லையையும் வெளியே அனுப்பினேன்.
நவம்பர் எலும்பும் தோலுமானது.
ஹல்பேராவுக்கு இன்னும் சொல்லவில்லை.

குளம் இப்போது நூற்றுமுப்பது வரி.
விருந்தினர் இன்னும்
தன்னைத் தானே திரையில் அச்சிட்டுக்கொள்கிறார்.
தப்பு, தெரியும்.
துண்டின் விலை நாலு இடத்தில் கிடக்கிறது.
நாளைக்கு.

ஓட்டிப் பார்த்தேன்.
எழுபத்தொன்றைக் கொடுத்துப் பதினேழைத் திற என்றேன்.
முடியாது, என்றது திரை.
நான் செய்த ஒன்று
என்னை மறுப்பது இதுதான் முதல் தடவை.
சும்மா இன்னொரு முறை கேட்டேன்.
முடியாது.

வாசலில் ஷூ அலமாரியில்
ஒரு ஜோடி சின்ன பூட்ஸ், நனைந்து.
உல்வார் எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்?
இதை யார் கவனித்திருக்க வேண்டும்,
விருந்தினரா, குளமா?
அலமாரி என்றொரு கிளாஸ்
என்னிடம் இல்லவே இல்லை.